தோற்றவர் நாற்காலி

ஜுமானா இந்த வெள்ளிக்கிழமையும் தோற்றாள். முகத்தில் வருத்தம் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

அலெக்சாந்திரியாவின் அந்த ஸ்குவாஷ் கிளப்பில் அதுதான் வழக்கம். தோற்ற பிள்ளை அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். நாற்காலியில் இருக்கும்வரை அப்பா அம்மாக்களும் அதன் பேச்சைக் கேட்க வேண்டும்.

மாதக் கடைசிக்குள் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அணியில் அவளுக்கு இடமில்லை. அவளுடைய அப்பா எஞ்சினியர் ஹாத்திமுக்குச் சோறு இறங்கவில்லை.

"போட்டியில இறங்கினாத்தான் பிள்ளைங்க மனசு உறுதியாகும். இவளுக்கு அந்த வெறியே இல்ல," என்றார் மனைவியிடம்.

"உங்களுக்கு இருக்கறதுல பாதியைக் குடுங்க. வீடாவது அமைதியா இருக்கும்," என்றாள் ரீஹாம்.

புது மட்டை வாங்கிக் கொடுத்தார். ஜுமானா முன்னைவிடச் சீக்கிரம் தோற்றாள்.

எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடும் பயிற்சியாளர் லுத்ஃபியிடம் தினமும் காலையில் கூடுதல் பயிற்சிக்கு அனுப்பினார். அடுத்த வெள்ளி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

"என்ன கேப்டன் இது?"

"கை அருமையா வந்திருக்கு, எஞ்சினியர் சார். எல்லாப் பந்தும் சுவத்தோட அடித் தகரத்துல ஒரே இடத்துல பட்டுச்சு. எனக்கே அப்படி வராது."

"பந்து தகரத்துக்கு மேல படணும், கேப்டன்."

"நானும் அதைத்தான் சொல்றேன். கேட்டாத்தானே."

கடைசி வெள்ளி வந்தது. எதிரே எட்டு வயது நாதின், தடித்த மூக்குக்கண்ணாடியோடு. ஹாத்திம் கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்து, "மேல அடி, மேல அடி" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

நாதினும் பாதிப் பந்தைத் தகரத்தில் அடித்தாள். ஜுமானாவுக்குப் புள்ளிகள் ஏறின. எட்டுக்கு எட்டு. பதினொன்று எடுத்தால் வெற்றி. ஜுமானா பல்லைக் கடித்தாள். மகள் முகத்தில் அந்த வெறியை ஹாத்திம் அன்றுதான் பார்த்தார்.

அடுத்த மூன்று பந்தும் தகரம்.

அவள் நாற்காலியில் ஏறினாள். அணியில் இடம் போனது. ஹாத்திம் மனத்தைத் தேற்றிக்கொண்டு, நடுவர் வேலையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று பக்கத்தில் போய் நின்றார்.

"முதுகை நிமித்தி உக்காரு. ஸ்கோரை உரக்கச் சொல்லு."

"பாபா, கேன்டீனுக்குப் போங்க."

"என்னையா சொல்ற?"

"ஆட்டத்துல குறுக்கே பேசினா வெளியே. உங்களுக்கும் அதே விதிதான்."

கேன்டீனில் பல் டாக்டர் ரம்ஸி, நாதினின் அப்பா, புதினா டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்களையும் அனுப்பிட்டாளா?" என்றார் ஹாத்திம்.

"போன வாரம் அனுப்பினா. இந்த வாரம் நானே வந்துட்டேன். டீ சூடா இருக்கும்போதே குடிச்சுடலாம் பாருங்க."

நாதின் அழுதுகொண்டே வந்தாள். மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது.

"ஜெயிச்சவ ஏம்மா அழற?" என்றார் ஹாத்திம்.

அவள் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாங்க எல்லாரும் அந்த நாற்காலிக்குத்தான் ஆடுறோம், அங்கிள். நானும் தோக்க எவ்வளவோ பாத்தேன். உங்க பொண்ணை யாராலயும் அடிச்சுக்க முடியல."