கேட்காத வேலைக்குக் கூலி

புதுக்கோட்டைச் சீமையில் அடுத்தவனை நிம்மதியாக இருக்கவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவர் பிறந்தார் என்றால், அவர் ஆலங்குடியில் எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. தெரு வைத்த பெயர் ஆச்சுங்க.

பெயர்க் காரணம் சுலபம். விடிந்தும் விடியாமலும் நீங்கள் படுத்திருப்பீர்கள். தலைக்கு மேலே ஓட்டில் யாரோ நடப்பார்கள். “யாருய்யா மேல?” என்று வாசலுக்கு ஓடினால் அங்கே ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருக்கும். அதன் வழியாக இரண்டு குச்சிக் கால்கள் இறங்கும். பின்னாலேயே ஒரு பெரிய தலைப்பாகை இறங்கும். தரையைத் தொட்டதும் தலைப்பாகை சொல்லும் ஒரே வார்த்தை, “ஆச்சுங்க.”

என்ன ஆச்சு? ஓடு மாற்றியாச்சு. யார் மாற்றச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. முன்பு ஒழுகியதா? இல்லை. இனிமேல் ஒழுகும். அது அவர் கைராசி.

வேலை தெரிந்த மனிதராக இருந்தாலாவது மன்னித்திருக்கலாம். பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் எங்கிருந்தோ கிடைத்ததென்று வாத்தியார் வீட்டுக் கதவுக்கு அடித்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மாதம் அந்தக் கதவின் முன்னால் பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையை நீட்டி நின்று ‘ஹோல்டான்’ சொன்னார்கள். எண்ணெய்ச் செட்டியார் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தை, காற்று வரட்டுமென்று மொட்டையடித்தார். மேலவீட்டுப் பசுமாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டினார். குளித்த மாடு வீடு திரும்பவில்லை. வடகாட்டில் போய்ப் பிடித்துவர வேண்டியிருந்தது. பிடித்து வந்தவரும் அவரேதான். அதற்கும் கூலி.

கூலி என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். வேலையை முடித்ததும் வாசலில் குந்தி, தலைப்பாகையை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டுவார். பிறகு வானத்தைப் பார்த்து, “பாத்துச் செய்யுங்க” என்பார். எங்கள் தெருவும் பார்த்துச் செய்தது. ஒரு படி கடலை, ஒரு கிழிசல் வேட்டி, பழைய சோறு, எது கையில் அகப்பட்டதோ அது. மரத்தைப் பறிகொடுத்த செட்டியார்கூட, “வாசல்ல ஒரு மனுசன் குந்தியிருந்தா நாலு பேரு என்ன நெனப்பாங்க” என்று சில்லறையை எடுத்தார். நாலு பேருக்குப் பயந்து தன் மரத்தை வெட்டியவனுக்கே சன்மானம் கொடுக்கும் இப்படியொரு தெருவை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கேட்டால் அவர் எந்த வேலையும் செய்யமாட்டார். “வேலி சாஞ்சு கெடக்கு, கொஞ்சம் கட்டிக் குடுங்களேன்” என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். “நான் என்ன ஒங்க வீட்டுப் பண்ணையாளா?” என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அந்த வேலிக்கு அவர் உயிர் உள்ளவரை விமோசனம் கிடையாது.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆகியிருந்தேன். மனு இல்லாமல் எந்த வேலையும் நடக்கக் கூடாது என்று மனதார நம்பிய காலம் அது. ஆகவே எங்கள் ஓட்டில் அவர் கைவைத்த அன்றே, கூலி கிடையாதென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னிலையில் விவகாரம் வந்தது.

“ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் ஒத்துக்கிட்டாத்தான் அது வேலை. இல்லாட்டி அதுக்குப் பேரு அத்துமீறல்,” என்றேன்.

“எழவு வீட்டுக்கு யாருங்க தம்பி பத்திரிகை வைக்கிறா? சேதி கேட்டா நாமளாத்தானே போறோம்?” என்றார் ஆச்சுங்க.

“எங்க வீட்டு ஓட்டுல என்ன செத்துப்போச்சு?”

“ஒரு அணில் கெடந்துச்சுங்க. எடுத்துப் போட்டுட்டேன். அதுக்குத் தனியா ஒண்ணும் வேணாம்.”

டீக்கடை சிரித்தது. படித்தவனுக்கு எதிராகச் சிரிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் எங்கள் ஊர் டீயை ஆறவிட்டாவது சிரிக்கும்.

நான் விடவில்லை. எங்கள் வீட்டு முன்சுவரில் கரிக்கட்டியால் பெரிய எழுத்தில், ‘இங்கு கேட்காத வேலைக்குக் கூலி கிடையாது’ என்று எழுதினேன். ஒற்று மிகுமிடம்கூடப் பிசகவில்லை. மறுநாள் விடியும்போது சுவர் பளிச்சென்று இருந்தது.

“யாரோ காலிப்பய ஒங்க சொவத்துல கிறுக்கி வச்சிருந்தான் தம்பி. சுண்ணாம்பு அடிச்சுட்டேன். ஆச்சுங்க.”

வாசலில் குந்தினார். தலைப்பாகையை உதறினார். நான் கதவைச் சாத்தினேன். இப்படியே இரண்டு வருஷம், அவர் செய்வதும் நான் சாத்துவதுமாகக் கழிந்தது.

அப்போதுதான் என் தங்கைக்கு ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. முன்னால் வந்த இரண்டு இடங்கள் ஜாதகம், சீர் என்று ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்தன. ஆத்தா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். தங்கை கொல்லைப்புறத்தை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். இந்த இடமும் போனால் அவள் முகத்தை நான் பார்க்க முடியாது.

பெண் பார்க்கும் நாளில் வாசலில் ஏணி சாத்தியிருந்தால் என்ன ஆகும்? பந்தலைப் பிரிப்பாரா, மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முடி வெட்டுவாரா, சொல்ல முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டால்தான் அவர் செய்யமாட்டாரே. முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்க் கைகட்டி நின்றேன்.

“அண்ணே, நாளைக்கு நீங்கதான் வந்து எங்க வீட்டு ஓடு மாத்தணும். வெள்ளையடிக்கணும். கெணத்தத் தூர் வாரணும். கொல்லையச் செதுக்கணும். மாட்டக் குளிப்பாட்டணும்.”

கேட்கக் கேட்க அவர் முகம் கருத்தது.

“தம்பி, படிச்ச புள்ளைனு இத்தன நாளு மரியாதை வச்சிருந்தேன்,” என்றார். “என்னைய வேலைக்காரனா ஆக்கிட்டீங்கள்ல?” என்று கதவைச் சாத்தினார்.

அன்றைக்குத் தூங்கியதுபோல நான் என்றும் தூங்கியதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்துவிடமாட்டார்கள். வழியில் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். அதிலும் இந்த மாப்பிள்ளையின் தகப்பனார் சொந்தக்காரனை விசாரிப்பதில்லை, கூலிக்காரனைத்தான் விசாரிப்பாராம். கூலி கொடுக்கும் கை எப்படியோ அப்படித்தான் குடும்பம் என்பது அவர் கணக்கு. இது எனக்குத் தெரியாது. அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பணியாரத்தைக் கையில் எடுத்த பிறகு அவரே சொன்னார்.

“பஸ் ஸ்டாண்டுல ஏணியோட ஒருத்தர் நின்னாரு. ஒங்க வீட்டுக்கு வழி கேட்டா, கூடவே வந்தாரு. அவருகிட்ட ஒங்களப் பத்தி வெசாரிச்சேன்.”

ஆத்தா கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு வருசமா இந்த வீட்லதான் வேலை செய்யுறாராமே. ஒரு நாளு கூலி பாக்கி வச்சதில்லையாம். அந்தத் தம்பி கை மாதிரி இந்தத் தெருவுல ஒரு கை கெடையாதுன்னாரு. அது போதுங்க எனக்கு. தை மாசத்துல வச்சுக்குவோம்.”

அந்தச் சமயம் வாசலிலிருந்து குரல் வந்தது. “ஆச்சுங்க.”

வெளியே ஓடினேன். குந்தியிருந்தார்.

“ஒங்கள யாரு பேசச் சொன்னா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“சொல்லியிருந்தாப் பேசியிருப்பேனா தம்பி? நேத்து வரிசையாச் சொன்னீங்களே, ஓடு, வெள்ளை, கெணறு, கொல்லை, மாடு. இத மட்டுந்தான் விட்டுட்டீங்க.”

“அதுக்காக இப்புடிப் பொய் சொல்றதா?”

“என்னங்க பொய்யி? பாக்கி இல்லைன்னேன். இப்ப குடுத்துட்டீங்கன்னா மெய்யாப் போயிருது. கேட்டுக்கிட்டவங்க உள்ளதான் பணியாரம் தின்னுக்கிட்டு இருக்காங்க.” தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். வானத்தைப் பார்த்தார். “பாத்துச் செய்யுங்க.”

எனக்கு முன்னால் ஆத்தா முந்திக்கொண்டாள். ஒரு மூட்டை கடலை வந்தது. காலமான அப்பாவின் பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத கரைவேட்டி வந்தது. என் சட்டைப் பையில் இருந்ததும் போயிற்று. முந்தின நாள் சம்பள நாளாக இருந்தது அவர் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் ஏணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, சீர் கொண்டுபோகிறவர் மாதிரி தெரு நடுவில் போனார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு நாக் கூலியே இவ்வளவா?” என்றார் மரியாதையாக.

கேட்காத வேலைக்குக் கூலி கொடுக்கிறவன் முட்டாள் என்பது என் கொள்கை. அது இன்றும் மாறவில்லை. தெருவையே ஒழுகவிட்டு, பொய் சொல்லி, அந்தப் பொய்யை மெய்யாக்கும் செலவையும் நம் தலையில் கட்டும் ஆசாமியை ஒரு நாகரிகமான ஊர் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை அவரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன். எங்கள் கொல்லைப் படலை அவர் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

தை பிறந்தது. கல்யாணத்துக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாத்தியாரை அழைத்தேன். செட்டியாரை அழைத்தேன். டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களையெல்லாம் அழைத்தேன். தெருக்கோடி வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். அழைத்தால் அவர் வரமாட்டார். அவர் வராமல் என் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.