முழங்கால் வலிக்கு ஒரு கடல்

தொலூக்கா,
புனித வாரத்துக்கு முந்தைய வியாழன்.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மைத்துனர் நசாரியோவுக்கு, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஃபிதென்சியோ அர்ரியாகா எழுதிக்கொள்வது. இங்கே குளிர், என் தும்மல், உன் அக்காவின் முழங்கால் ஆகியவற்றைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் ரோசௌராவும், டாக்டர்கள் உன் இதயக் குழாய்க்குள் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கம்பிச் சுருளும், ஒருவரோடொருவர் சண்டையில்லாமல் நலமாக இருக்க குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இதை உட்கார்ந்துகொண்டு படி மச்சான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், இரண்டுமே உன் உடம்புக்கு ஆகாது. அதோடு, இந்த வீட்டில் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசினாலும் உன் அக்கா அடுப்படியிலிருந்து பதில் சொல்கிறாள். அதனால்தான் கடிதம். சாயங்காலம் உங்கள் ஊருக்குக் கிளம்பும் பஸ்ஸின் டிரைவர் எனக்குத் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனித வாரத்துக்கு நாங்கள் உங்கள் வாயார்த்தாவுக்கு வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. எப்படி நடந்தது என்று சொன்னால்தான் உனக்கும் மனசு ஆறும், எனக்கும் பாரம் குறையும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று நீ என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கும். அக்காவை ஒரு தடவை பார்க்கணும், ஆனால் இதய விஷயம் அவளுக்குத் தெரியக் கூடாது, பரிதாபப்பட்டு வருவதாக இருந்தால் வரவே வேண்டாம் என்றாய். சரி என்றேன். சரி என்பது எவ்வளவு சுலபமான வார்த்தை! என் மகள் மாரிசெலாவின் கல்யாணத்திலிருந்து உன் பெயரையே வாயில் எடுக்காதவள் உன் அக்கா. அந்தக் கல்யாணத்தை நீ பந்தியில் உட்கார்ந்து பார்த்தாய், நான் அடுப்படிப் பக்கமிருந்து பார்த்தேன். உன் அக்கா நாள் கணக்கில் மிளகாய் வறுத்து, எள்ளும் சாக்லேட்டும் அரைத்து, அண்டா நிறைய மோலே குழம்பு கிண்டி, கண் சிவந்து, கை சுட்டுக்கொண்டு, வான்கோழிக் கறியின் மேல் ஊற்றி அனுப்பியிருந்தாள். ஊரே கையை நக்கிக்கொண்டிருந்தபோது நீ எழுந்து மைக்கை வாங்கினாய். "எங்கம்மாவோட மோலே எங்கம்மாவோடயே போயிடுச்சு!" என்று சொல்லி விக்கி விக்கி அழுதாய். மரியாச்சி வாத்தியக்காரர்கள் அதைத் தங்களுக்குக் கொடுத்த சைகை என்று நினைத்து ஒரு சாவுப் பாட்டை ஆரம்பித்தார்கள். நீ அம்மாவை நினைத்து அழுதாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையில் கரண்டியோடு வாசல்படியில் நின்றவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார். அவள் அந்தக் கரண்டியைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் மோலே கிடையாது.

இப்படிப்பட்டவளை வாயார்த்தாவுக்குக் கூட்டி வருவது எப்படி? யோசித்து யோசித்து, அவளுடைய முழங்காலைப் பிடித்தேன். ஒரு நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "ஒதிலியா, இந்த மலைக்குளிர்ல உன் முழங்கால் தேறவே தேறாது. புனித வாரத்துக்கு எங்கேயாவது கடற்கரைக்குப் போகலாமா?"

"வெயில்தானே வேணும்? மாடியில நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்" என்றாள்.

"மாடியில கடல் காத்து வராதே."

கொஞ்ச நேரம் கஞ்சியைக் கலக்கினாள். "சரி, கடலுக்கே போகலாம். ஆனா அந்தக் கடல் வேண்டாம்."

"எந்தக் கடல்?"

"எந்தக் கடல்னு உங்களுக்கே தெரியும்."

"ஒதிலியா, அது பசிபிக். ஜப்பான் வரைக்கும் அதே தண்ணிதான்."

"அப்ப ஜப்பான்ல போய் இறங்கலாம்."

இதற்கு மேல் இவளிடம் வாதாட எந்த வாத்தியாரால் முடியும்? ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது, அது நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பூசேரியாஸுக்குப் போகிறோம் என்று சொன்னேன். அது வேறு மாநிலம், வேறு பெயர், சின்னக் கடற்கரை ஊர். அங்கிருந்து உங்கள் ஊருக்கு நகர பஸ் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அங்கே தங்கி ஒரு சாயங்காலம் காற்று வாங்கப் போவது போல உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிவந்து, நீ எதிரே தற்செயலாக வருவது போல வந்து, மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வது என்று நாம் போனில் பேசிக்கொண்டோம். உனக்கும் பிடித்திருந்தது, நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதாகக்கூடச் சொன்னாய்.

பூசேரியாஸ் என்றதும் அவள் "நல்ல பேரா இருக்கு" என்றாள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில், நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெரிய தேசப்படம் தொங்குகிறதே! சாப்பிட உட்கார்ந்தால் எதிரிலேயே மேற்குக் கடற்கரை. பன்றிக்கறிச் சொரிசோ விற்கும் கடைக்காரர் கொடுத்த காலண்டரை எடுத்து அதன் மேல் ஆணியடித்து மாட்டினேன். அந்தக் காலண்டரில் ஒரு பன்றி சமையல்காரத் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கும். அன்றிலிருந்து உங்கள் ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும் பன்றி சிரித்துக்கொண்டிருந்தது. ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். இப்போது ஓர் ஊரை மறைப்பதற்காகப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்.

பெட்டி கட்டும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன், அவள் எதையாவது கிளறிவிடக் கூடாதே என்று. நீச்சல் உடை தேடிச் சந்தைக்குப் போனேன். இந்தக் குளிர் ஊரில் நீச்சல் உடை விற்பவள் ஒரே ஒருத்தி, அவளிடம் இருந்தது ஒரே ஒரு அளவு, அது என் அளவு இல்லை. அதை வாங்கிக்கொண்டு நகராட்சி நீச்சல் குளத்துக்கு மிதக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். கடலுக்குப் போய்விட்டுக் கரையிலேயே நிற்பானேன் என்று ஓர் ஆசை. சொல்லிக்கொடுத்த பெண் என்னிடம் படித்தவளாம். "பயப்படாதீங்க வாத்தியாரே, தண்ணியே தூக்கிக்கும்" என்றாள். தண்ணீருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இப்போது தும்மிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு தொமிதிலா வந்தாள். மாரிசெலாவுக்கு ஞானத்தாய், நல்லவள், ஆனால் வாய்க்குக் கதவு வைக்காமல் கட்டிய வீடு. நாங்கள் கடலுக்குப் போவது தெரிந்ததும் தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். குச்சியில் குத்திச் சுடும் மீனுக்கு உங்கள் கரையில் கர்ப்பிணி மீன் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதை யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள்.

"வாத்தியாரே, புனித வாரத்துல மீன் சாப்பிடலாம்னு தெரியும். கர்ப்பமா இருக்கறதைச் சாப்பிடலாமா?"

"அது கர்ப்பம் இல்லம்மா, வெறும் பேருதான்."

"பேரு சும்மா வருமா? பாதிரியாரைக் கேட்டுட்டேன். பெரிய வெள்ளியன்னிக்கு வேண்டாம், உயிர்ப்பு ஞாயிறுக்கு அப்புறம் உன் மனசாட்சிப்படி செய்னு சொல்லிட்டாரு."

சரி, உயிர்ப்பு ஞாயிறு என்றைக்கு வருகிறது என்று பார்ப்பதற்காக அவள் எழுந்து காலண்டர் பக்கம் போனாள். நான் தடுப்பதற்குள் தாளைத் தூக்கினாள். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. பன்றி கீழே விழுந்தது. சுவரில் உங்கள் வளைகுடா நீலமாக விரிந்து கிடக்க, வாயார்த்தாவைச் சுற்றி நான் எப்போதோ போட்டு வைத்த சிவப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"அட, இங்கதான் இருக்கா பூசேரியாஸ்! கூப்பிடு தூரத்துல வாயார்த்தா! ஒதிலியா, உன் தம்பி ஊருடி இது!" என்று தொமிதிலா சந்தோஷமாகக் கூவினாள்.

உன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுண்டு விரலைப் படத்தின் மேல் வைத்தாள். ஒரே நகம் இரண்டு ஊரையும் சேர்த்துத் தொட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. நேராகப் படுக்கையறைக்குப் போய், நான் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். தொமிதிலாகூட வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

சாப்பிட உட்கார்ந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் மச்சான், மன்னித்துவிடு. "ஒதிலியா, அவனுக்கு இதயத்துல அடைப்பு வந்து குழாய்க்குள்ள கம்பிச் சுருள் வெச்சிருக்காங்க. உன்னை ஒரு தடவை பார்க்கணுமாம்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் என் தட்டைப் பார்த்தாள். "சூப்புல உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப குடிங்க. ஆறுது."

பிறகு கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். அவை இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாகத்தான் இருந்தன. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

ஆக, மச்சான், இதுதான் நடந்தது. இதற்கு மேல் அவளை வற்புறுத்த நான் யார்? அவள் மனசு இளகவில்லை, இளகும் என்றும் தோன்றவில்லை. நீ வருத்தப்படாதே. வருத்தப்பட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருத்தப்படு. வெயில் தாழ்ந்ததும் டாக்டர் சொன்னபடி நட, சிகரெட்டைக் கண்ணால் பார்க்காதே, ரோசௌரா சொல்வதைக் கேள். நான் மட்டுமாவது மழைக்காலத்துக்கு முன் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறேன். உன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. எல்லாம் வல்ல இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும், உன் வீட்டுக்கு அமைதியும், எனக்கு அடுத்த முறை இதைவிட நல்ல புத்தியும் அருள்வாராக. ரோசௌராவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
ஃபிதென்சியோ அர்ரியாகா

பி.கு.: டேய் நசாரியோ, இது நான், ஒதிலியா. உங்க மச்சான் பஸ் நிலையத்துக்குப் போகணும்னு ஷூவைத் தேடிக்கிட்டிருக்காரு. காகிதத்தை மேசை மேல விரிச்சுப் போட்டுட்டுப் போனா நான் படிக்க மாட்டேனா? மேல எழுதியிருக்கறது எதையும் நம்பாத. நாங்க வர்றோம். பூசேரியாஸும் கிடையாது, கீசேரியாஸும் கிடையாது, உன் வீட்டுலதான் தங்கறோம். ரோசௌரா முன்னறையை எப்பவோ ஒழிச்சு வெச்சுட்டா. உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப அவ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல இருந்து முதல்ல போன் பண்ணினது எனக்குத்தான். நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் போனைக் கீழ வைக்கல. தொமிதிலாவோட நவநாள் ஜெபம் சொல்றேன்னு இவரு நினைச்சுக்கிட்டு டிவி சத்தத்தைக் குறைச்சாரு பாவம்.

பெட்டியிலேருந்து நான் எடுத்தது கம்பளி ஸ்வெட்டர். வெயில் ஊருக்கு எட்டு ஸ்வெட்டர் மடிச்சு வெச்சிருக்காரு உங்க மச்சான், மேல ஒரு வெந்நீர்ப் பை. அந்தக் காலண்டர் மாட்டின அன்னிக்கே அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், எனக்குக் கல்யாணம் ஆனதே ஒரு புவியியல் வாத்தியாரோட. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனா எனக்காக ஒரு மனுஷன் இந்த வயசுல இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றதைப் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நீ சொன்னது சரிதான். அம்மா கை எனக்கு வரல. எத்தனையோ தடவை கிண்டிப் பார்த்தேன், வரல. அதை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானும் உன்னோட உக்காந்து அழுதிருப்பேன். மைக்குல சொன்னே பாரு, அதுக்குத்தான் கோவம். அதுவும் நீ அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போன அன்னிக்கே போயிடுச்சு. போன் பண்ணாததுக்குக் காரணம், உன் குரலைக் கேட்டா ரெண்டு பேருமே உடைஞ்சு போவோம், டாக்டர் வேண்டாம்னிருக்காரு.

ஷூ கிடைச்சிடுச்சு போல, காலடிச் சத்தம் கேக்குது. பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டத்துல நிக்காத. வீட்டுலேயே இரு. நான் வந்து கதவைத் தட்டறப்ப ரோசௌராவை அனுப்பாத. மெதுவா வந்தாலும் பரவாயில்ல, நான் காத்திருக்கேன். நீயே நடந்து வந்து திற.