இருபத்து மூன்றாம் தேதி நாடாவைத் தயவுசெய்து ஒலிபரப்ப வேண்டாம்

வானொலி நிலையத்தின் மாலை நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் ஐயா அவர்களுக்கு (அம்மாவாக இருந்தால் அம்மா அவர்களுக்கு), பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், உங்கள் நிலையத்தின் நெடுநாள் நேயனுமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். இன்னும் பன்னிரண்டு நாளைக்கு நலமாகத்தான் இருப்போம். அதற்குப் பிறகு நலமாக இருப்பதும் இல்லாமல் போவதும் தங்கள் கையில் இருப்பதால், தாங்கள் நல்ல உடல்நலத்தோடும் அதைவிட முக்கியமாக இளகிய மனத்தோடும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் பாராட்டு. பாராட்டாமல் புகார் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எண்பதுகளில் ஒலிபரப்பான நேயர் விருப்பம் நிகழ்ச்சியின் பழைய ஒலிநாடாக்களை எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்து, அதே தேதியில், அதே மாலை நாலு பத்துக்கு, அன்றைய அறிவிப்பாளரின் குரலோடு அப்படியே மறுபடி ஒலிபரப்புகிறீர்கள். முதல் நாள் அந்த முகப்பு இசை கேட்டபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தலையணை உறையோடு எழுந்து நின்றுவிட்டேன் ஐயா. இருபத்தாறு வயசு திரும்பி வந்து வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அப்போது எனக்கு இடுப்பு இருபத்தெட்டு அங்குலம், தலை நிறைய முடி, சட்டைப் பையில் சீப்பு. பணிமனைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் என்று பதினைந்து பேர் நின்றுகொண்டே உங்கள் நிகழ்ச்சியைக் கேட்போம். அறிவிப்பாளர் அம்மா ஒரே மூச்சில் நாற்பது பெயர் வாசிப்பார். நம் பெயர் வந்துவிட்டால் கடைக்காரர் அன்றைக்கு நமக்குத்தான் முதல் தேநீர் தருவார். இப்போது என்னிடம் நேரம் மலையாகக் கிடக்கிறது, காத்துக் கொடுக்கத்தான் பேருந்து ஒன்றும் இல்லை. அதனால் அந்த நாற்பது நிமிஷத்துக்காகவே காலையிலிருந்து காத்திருப்பேன். முதல் வாரம் முழுக்க அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டாம் வாரம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே தேதி, அதே நாடா என்றால், வரும் இருபத்து மூன்றாம் தேதி எந்த நாடா வரும்? அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தங்களைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை, டாக்டரிடம்கூட. எண்பத்தாறாம் வருஷம் நான் மாலை வேளைகளில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மூன்றாம் எண் மெஷினில் ஒரு பெண் உட்காருவாள். மஞ்சள் குடை வைத்திருப்பாள். ஆறு மாதத்தில் நான் அவளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம், "உங்க ரிப்பன் சுருண்டிருக்குங்க." அவள் பேசியது அதைவிடக் குறைவு, "தெரியும்." அவ்வளவுதான் ஐயா எங்கள் காதல். நேரில் பேச வாய் வராதவன் என்ன செய்வான், தங்கள் நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதினான். 'தனிமரம்' என்பது அன்று என் வானொலிப் பெயர். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினோரு அட்டைகள், பதினொன்றிலும் ஒரே பாட்டு, அந்தப் படகுப் பாட்டு. தாங்கள் ஒன்றையும் போடவில்லை. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அன்றைக்கு அட்டைகள் மூட்டை மூட்டையாக வரும் என்று எனக்குத் தெரியும். இதற்கிடையில் மஞ்சள் குடைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் நாலு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் சாப்பிட்டேன். வீட்டில் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்படிப் போய்ப் பார்த்த இடத்தில்தான் என் மனைவி இருந்தாள். தொடக்கப் பள்ளி ஆசிரியை. பேச எனக்கு வழக்கம்போல ஒன்றும் கிடைக்கவில்லை. "ரேடியோவுக்கு லெட்டர் எழுதுவேங்க, தனிமரம்ங்கிற பேர்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு அதே சமயத்தில் ஒரு வங்கி மாப்பிள்ளையும் பேசி முடிகிற நிலையில் இருந்தார். என்னைவிட உயரம், மீசை வேறு. எங்கள் வீட்டில் இது நடக்காது என்றே நினைத்துவிட்டோம். அப்போதுதான் தாங்கள், அதாவது அன்றைக்குத் தங்கள் நாற்காலியில் இருந்தவர், எல்லாம் முடிந்துபோன பிறகு, என் அட்டையைக் கையில் எடுத்தார். இருபத்து மூன்றாம் தேதி, மாலை நாலு இருபத்திரண்டு. "பேருந்துப் பணிமனையிலிருந்து தனிமரம், தட்டச்சுப் பயிலகத்தின் மூன்றாம் மெஷினில் அமரும் மஞ்சள் குடைக்காக விரும்பிக் கேட்கும் பாடல்." தேநீர்க் கடையில் பதினைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் போகாத குறை. மறுநாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் அவளே கேட்டாள். "அந்தப் பாட்டு எனக்காகத்தானே கேட்டீங்க?" "முழுசாக் கேட்டியா?" என்றேன். "இல்லீங்க, தனிமரம்னு சொன்னதும் கரண்ட் போயிருச்சு. திரும்ப வரும்போது கடைசிச் சரணம் ஓடிட்டிருந்துச்சு" என்றாள். அந்த மின்வெட்டைக் கும்பிட்டுவிட்டு, "உனக்கில்லாம வேற யாருக்கு?" என்றேன். முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். சின்னப் பொய்களைப் பட்டியலிட்டால் கடிதம் கனத்துவிடும்.

பொய்யைச் சொல்லிவிட்டால் அது ஒரு மூலையில் சும்மா கிடக்கும் என்று நினைத்தேன். அவள் அதற்குச் சோறூட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட்டாள். கல்யாண நாள் வந்தால் இந்தக் கதை, பிள்ளை பிறந்தால் இந்தக் கதை, மகளுக்கு வரன் பேச வந்தவர்களிடமும் இந்தக் கதை. வருஷத்துக்கு வருஷம் அதில் ஏதாவது ஒன்று புதிதாகச் சேரும். இப்போது அதில் மழை பெய்கிறது. அறிவிப்பாளர் அம்மாவுக்குத் தொண்டை அடைக்கிறது. தாங்கள் நாடாக்களைத் தேதி வாரியாகப் போடுகிறீர்கள் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அன்னைக்கு கரண்ட் போய்க் கேக்காமப் போனதை இப்பவாவது முழுசாக் கேக்கணும்" என்கிறாள். மகள், மருமகன், என் மனைவியின் இரண்டு தங்கைகள், அடுத்த வீட்டுத் தையற்காரம்மா, பழைய தலைமையாசிரியை என்று பதினாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. பத்து நாற்காலி வாடகைக்கு எடுக்கப் பேசிவிட்டாள். பதினாலு பேர் நடுவில் உட்கார்ந்து, வாழ்நாளெல்லாம் தனக்கென்று நினைத்திருந்த பாட்டு ஒரு மஞ்சள் குடைக்குப் போய்ச் சேருவதை அவள் கேட்க வேண்டுமா? நான் திட்டு வாங்குவதைப் பற்றிக் கவலைப்படவில்லை ஐயா, அது எனக்குச் சர்க்கரை மாத்திரை மாதிரி, தினமும் உண்டு. அவள் முகம் அந்த நிமிஷம் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். ரேடியோவிலிருந்து பேட்டரியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அன்று மாலையே மருமகன் சார்ஜ் போடுகிற ரேடியோ ஒன்று வாங்கி வந்துவிட்டார். அவருக்கு மின்சாதனம் பழுது பார்ப்பதுதான் தொழில். அதன் ஏரியலை, துடைக்கிற மாதிரி துடைத்து, முறித்தேன். "விடுங்க மாமா, இந்தக் குச்சி ஏரியலே வேஸ்ட்" என்று சொல்லி மொட்டை மாடியில் கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு தங்கள் நிலையம் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்கிறது. நேற்று முன்தினம் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கம்பி அறுபடவில்லை, நான்தான் விழுந்தேன். வலது கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. "இந்த வயசுல மாடியில என்னங்க வேலை?" என்றாள் மனைவி. காக்கை கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். மருமகனுக்கு மனசு கேட்கவில்லை. "மாமா பாட்டு கேக்குறதுக்காக மாடி வரைக்கும் ஏறியிருக்காரு பாவம்" என்று சொல்லி, போனில் தங்கள் நிலையத்தைப் பிடித்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஸ்பீக்கரில் மாட்டிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெருமுனை வரைக்கும் கேட்குமாம். அவரைப் போல உதவுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் போதும், யாரும் எதையும் மறைத்து வாழ முடியாது.

அன்றைக்கு எல்லோரையும் வெளியே கூட்டிப் போகலாம் என்றால், காலை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதனால் தங்கள் நிலையத்துக்கே போன் போட்டேன். எடுத்த பெண், "எந்தப் பாட்டு வேணும் சார்?" என்றது. "ஒரு பாட்டு வேண்டாம்மா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். "வேணும்னு சொல்றதுக்குத்தான் சார் லைன். வேணாம்னு சொல்றதுக்கு லெட்டர் போடுங்க" என்றது. நியாயமான பேச்சு. ஆகையால் இந்தக் கடிதம். நாடா அறுந்துவிட்டது என்று சொல்லுங்கள், எலி கடித்துவிட்டது என்று சொல்லுங்கள், அல்லது நாலு இருபத்தொன்று முதல் நாலு இருபத்து மூன்று வரை மட்டும் ஏதாவது விளம்பரம் போட்டுவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விடுங்கள். நான் கேட்பது வெறும் இரண்டே நிமிஷம். இரண்டு நிமிஷத் தாமதத்துக்கெல்லாம் ஓட்டுநர்களுக்கு மெமோ கொடுத்தவன் நான். அந்தப் பாவத்துக்காகவாவது இதைச் செய்து காப்பாற்றுங்கள்.

தங்கள் நிலையமும், அதன் கோபுரமும், தாங்களும், தங்கள் குடும்பமும், நாடாக்களைத் தேடி எடுத்த அந்த அளவுக்கு மீறிய உழைப்பாளியும் நீடு வாழ வேண்டும் என்று வாழ்த்தி, கைகூப்பி நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே கைகூப்பும்,

தனிமரம்

பின்குறிப்பு: கால் இப்படி இருப்பதால் இதைத் தபாலில் போட மனைவியிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒட்டிய உறையைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதனால் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு பின்குறிப்பு, இது வேறு கையெழுத்து: வணக்கம். நானும் இரண்டு வரி பாராட்டு சேர்க்கலாமே என்றுதான் உறையைப் பிரித்தேன். நாடாவை நிறுத்த வேண்டாம். விளம்பரமும் வேண்டாம், எலியும் வேண்டாம். இருபத்து மூன்றாம் தேதி அறிவிப்பைத் தெளிவாக, முழுசாகப் போடுங்கள், வருகிற பதினாலு பேருக்கும் மீதிக் கதையை நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் அப்பா வீட்டு ரேடியோ பேட்டரியில் ஓடியது. கரண்ட் போனால் அதற்கென்ன, போகாவிட்டால் என்ன? நேரம் காத்த மனிதர், பெண் பார்க்க வந்தபோது அந்தக் கூடத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் இதை ஒரு தடவை யோசித்துப் பார்த்திருக்கலாம். மூன்றாம் மெஷின், மஞ்சள் குடை, எல்லாம் அன்றைக்கே என் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு ராத்திரி வந்தது. ஆனால் வங்கி மாப்பிள்ளை எங்கள் வீட்டில் உட்கார்ந்து தன் பதவி உயர்வைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். இவர் ஒரு பெண்ணிடம் பேசத் தெரியாமல் ஊருக்கே சொல்லியிருக்கிறார், அவள் அதைக் கேட்டாளோ இல்லையோ. பரிதாபமாக இருந்தது. அதோடு, அதுவரை எனக்காக யாரும் ஒரு பாட்டுக் கேட்டதில்லை. இரவலாக வந்தாலும் பாட்டு பாட்டுதானே என்று எடுத்து வைத்துக்கொண்டேன். கல்யாணமான மூன்றாம் நாள் கேட்டது, உண்மையைச் சொல்கிறாரா பார்ப்போம் என்றுதான். "முழுசாக் கேட்டியா" என்று கேட்டபோது அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பார்க்கச் சகிக்கவில்லை. மின்வெட்டை நான்தான் கொடுத்தேன்.

உறையை மறுபடி ஒட்டி இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன். நான் படித்தது அவருக்குத் தெரிய வேண்டாம், அவர் போன் போட்டால் கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தானே, பயந்துகொண்டே இருக்கட்டும். இந்த ஒரு மாதமாக நான் எந்த அறையில் இருக்கிறேன், என்ன செய்கிறேன், முகம் எப்படி இருக்கிறது என்று அரை மணிக்கு ஒரு தரம் எட்டி எட்டிப் பார்க்கிறார். அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வந்தும் பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அக்கறையாக என்னை அவர் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.