சுகிக்கு வைத்த போத்தல்கள்

அன்று அந்த மேட்டோரம் நின்றவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, பெரியம்மாவின் மகன் ரூபன் அண்ணை. நிற்காதவர் ஒருவர்: அப்பா. சைக்கிளில் வரவேண்டியவள் என் தங்கச்சி சுகி. நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று உறவுக்காரர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். (வேறெந்த விஷயத்திலும் அவர்களுக்குள் இந்த ஒற்றுமை கிடையாது.) ஓம், நான்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மறுபடி கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். கூப்பிடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சுகி சைக்கிள் ஓடிச் சம்பளம் வாங்குகிறவள். ஐரோப்பிய அணி ஒன்றில் அது அவளுக்கு முதல் வருடம். வசந்தகாலத்தில் பெல்ஜியத்தின் கல் பதித்த வீதியில், மழைக்குள் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். கோடையில் எழும்பி மலைகளுக்குப் போனாள். அங்கே அவளுடைய வேலை தண்ணீர் சுமப்பது. கேலி செய்யவில்லை, உண்மையாகவே அதுதான் வேலை. அணித் தலைவி வெல்ல வேண்டும். மற்றவர்கள் பின்னால் வரும் காருக்குப் போய், சட்டைக்குள் போத்தல்களைச் செருகிக்கொண்டு, திரும்பவும் மேடேறி வந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் முதுகு முழுக்கப் புடைத்துக்கொண்டு ஓர் உருவம் வந்தால், அம்மா எழும்பி நின்று காட்டுவார்: "அது எங்கட பிள்ளை."

பருவத்தின் கடைசி ஓட்டங்களில் ஒன்று ரொறன்ரோவில் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ரூஜ் ஆற்றுப் பக்கத்து மேடுகள் சுகி சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகியவை. ஆகவே அன்று மட்டும் அவளுக்காக அணி ஓடும் என்று மனேஜர் சொல்லிவிட்டார். நன்றாக ஓடினால் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம். இல்லாவிட்டால், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கின்படி, பாதியில் விட்ட நர்சிங் படிப்புக்குத் திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தைக் கண்ணால் கண்ட பிறகு ஓட்டம் பார்க்க வருகிறேன் என்று அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

பெண்கள் அணிகளில் ஆட்கள் குறைவு. போத்தல் நீட்டும் உதவியாளர் ஒருவருக்குக் காய்ச்சல் வர, சுகி என் பெயரைச் சொன்னாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும், மின்சாரக் கட்டணத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை தொலைந்த அறிவித்தல் வரை, என் மேசைக்குத்தான் வரும். போட்டி விதிகளையும் அப்படியே கோடு போட்டுப் படித்தேன். வீதியின் எந்தப் பக்கம் நிற்பது, கையை எப்படி நீட்டுவது, எந்தப் பலகையோடு நிறுத்துவது, எல்லாம் மனப்பாடம். உத்தியோகபூர்வமான வேலையாயிற்றே என்று நேர்முகத் தேர்வுக்குப் போட்ட தோல் சப்பாத்தையும் போட்டுக்கொண்டேன்.

என்னை நம்பலாம் என்று ரூபன் அண்ணை மனேஜருக்கே உத்தரவாதம் கொடுத்தார். பிறகு என் முதுகில் தட்டி, "றிச்மண்ட் ஹில் கோயில் அன்னதானத்தில சாம்பார் வாளி தூக்கினவனுக்கு உதெல்லாம் ஒரு வேலையே?" என்றார்.

பிழை வந்ததே அந்த வாளியால்தான். அன்னதானத்தில் பழகிய கைக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும்: பந்தியில் ஆளைத் தாண்டக்கூடாது. இருப்பவர் யார் எவர் என்று பார்ப்பதில்லை. நீட்டினால் ஊற்ற வேண்டும்.

கடைசி மேட்டில் நான் நின்றேன். அதற்குப் பிறகு தண்ணீர் கொடுக்க அனுமதி இல்லை. கையில் நாலு போத்தல்கள். ஒன்று தவறினால் இன்னொன்று என்று எல்லாமே சுகிக்கு. மாறிவிடக்கூடாது என்று அம்மா ஒவ்வொன்றிலும் வெள்ளை ரேப் ஒட்டி, பெரிய தமிழ் எழுத்தில் 'சுகி' என்று எழுதியிருந்தார். கோடை முடிந்தும் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

முதலில் தனியாக ஒருத்தி வந்தாள். வேறு அணி, சின்ன அணி. மேட்டில் அவளுக்கென்று நிற்க யாருமில்லை. முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "ப்ளீஸ்" என்றாள். என் கை தானாக நீண்டது.

அதைப் பின்னால் வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அவர்களும் கையை நீட்டினார்கள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவளைத் தாண்டுவது எப்படி? பின்னாலிருந்து அம்மாவும் சொல்கிறார்: "அந்தப் பிள்ளைக்கும் குடு தம்பி, உதடெல்லாம் வெடிச்சுக்கிடக்கு." கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் ஒருத்தி நான் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டு போனாள். பந்தி சிறப்பாக நடந்துகொண்டிருக்கிறது என்ற திருப்தியோடு நிமிர்ந்தேன்.

எதிரே சுகி. நீட்டிய கையோடு.

என்னிடம் இருந்ததும் கைதான். அதை நீட்டினேன். அவள் வெறுங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

"அண்ணா, சீரியஸ்லி?"

அவ்வளவுதான், போய்விட்டாள். நான் அம்மாவின் இஞ்சிப் பிளேன்ரீப் பிளாஸ்கைப் பறித்துக்கொண்டு ஓடினேன். தோல் சப்பாத்து உருகிய தாரில் வழுக்க, மூடியில் ஊற்றிய தேநீர் என் சேட்டில் பாதி, வீதியில் பாதி. ஒரு வழியாகப் பிடித்துப் பிளாஸ்கையே நீட்டினேன். அவள் ஒரு வாய் குடித்து, நாக்குப் பொசுங்கி, அதை என்னிடமே திருப்பி எறிந்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் கோடு போட்டுப் படித்த அந்தப் பலகை எனக்கு வெகு பின்னால் நின்றது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் இருந்த நடுவர் எழுதிக்கொண்டிருந்தார்.

தனியாக வந்தவள்தான் வென்றாள். சுகிக்கு அதே மேட்டில் கால் பிடித்துக்கொண்டது, பன்னிரண்டாவது.

மனேஜர் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். கேட்டவர்களுக்கு என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சுகியின் பக்கம் திரும்பினார். ஒப்பந்தம் அந்த நிமிடத்தில் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அப்படியிருந்தும், வருடம் முழுக்க நான் உங்களுக்குத் தண்ணீர் சுமந்தேன், அண்ணா ஒருநாள் சுமந்தார், அதற்கு ஏன் இந்தச் சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். (காரில் ஏறிய பிறகு என்னைத் திட்டியது தனி. அதை எழுத இடம் போதாது.)

குளிர் தொடங்கும்போது வேறொரு சின்ன அணி அவளை எடுத்தது. வென்றவளின் அணி இல்லை. இது அந்த மாதிரிக் கதையுமில்லை. முந்தையதை விடச் சம்பளம் குறைவு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை என்னைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். நர்சிங் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இப்போது எந்த விருந்தில் நான் வாளியைத் தொட்டாலும், "முதல்ல சுகிக்கு வை" என்று ஒரு குரல் வரும். வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அந்த ஓட்டத்தின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. வென்றவள் போத்தலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்; அம்மாவின் எழுத்து அவ்வளவு தெளிவு. இதில் உங்கள் மகள் எது என்று வருகிறவர்கள் கேட்டால், அப்பா போத்தலில் விரலை வைப்பார்.

பலகை தாண்டிக் கொடுத்ததற்கான தண்டத்தை அணி எங்கள் தலையில் கட்டியது. நான் கட்டுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை.

"அந்தப் பிள்ளை தண்ணி கேட்டது. உன்ர கையில இருந்தது. பிறகென்ன? அங்க நான் நிண்டிருந்தாலும் குடுத்திருப்பன். நான்தான் கட்டுவன்."

கட்டினார். அந்த ரசீதும் சட்டம் போட்டுப் படத்துக்குக் கீழே தொங்குகிறது: இருநூற்றைம்பது டொலர்.