கொழுந்தியாள் லேப்டாப்புக்கு ரேம் போட்ட கதை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆண்பிள்ளைக்குத் தோன்றுவது பெரும்பாலும் மாமனார் வீட்டில்தான். சொந்த வீட்டில் ஃபேன் கரகரவென்று சுற்றினால் காதைப் பொத்திக்கொண்டு தூங்கிவிடுவோம். மாமனார் வீட்டு ஃபேன் என்றால் உடனே ஸ்டூலைத் தேடுவோம்.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாத்தியார் நான். மனைவி ரோஸ்லினின் ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். மாமனார் தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயி. 'மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குப் படிச்சவரு' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். (அந்தக் கம்ப்யூட்டரை நான் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்துதான் பழக்கம் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அழகாக வரைவேன்.)

ரோஸ்லினின் தங்கை ஜெனிட்டா அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். அவளுடைய லேப்டாப் புதுசுதான், ஆனாலும் ரெண்டு வேலையை ஒன்றாகக் கொடுத்தால் திணறும். "ரேம் கம்மி. இன்னொண்ணு வாங்கிச் செருகுனா பறக்கும்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன். அதைக் கேட்டு மாமியார் என் இலையில் இன்னொரு கரண்டி கோழிக்குழம்பு ஊற்றினார். அந்தக் குழம்புக்குக் கட்டுப்பட்டு ரேமை வாங்கியும் விட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஜெனிட்டாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் இன்டர்வியூ. கடைசிச் சுற்று.

"இன்டர்வியூ முடியட்டுங்க. சாயங்காலம் மாட்டிக்கலாம்" என்றாள் ரோஸ்லின்.

"இன்டர்வியூவுக்காகத்தான் மாட்டுறதே. நடுவுல ஹேங் ஆயிருச்சுன்னா?"

ஜெனிட்டா தயங்கினாள். "மச்சான், சீக்கிரம் முடிஞ்சிரும்ல?"

"காப்பி ஆறுறதுக்குள்ள."

சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். திருகுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டேன். அடிமூடி வரவில்லை. நான் பார்த்துவிட்டு வந்த வீடியோவில் ஒருவர் அதை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தார். நான் நகத்தைக் கொடுத்து நெம்பியதும் முருங்கைக்காயை ஒடித்தது போல 'டப்'பென்று ஒரு சத்தம். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"மாப்ள... ஒடிஞ்சிருச்சா?"

"இல்ல மாமா. அப்படித்தான் சத்தம் வரும்" என்றேன். (எனக்கும் அதே சந்தேகம்தான்.)

உள்ளே பார்த்தேன். கரும்பலகையில் நான் வரையும் எதுவும் அங்கே இல்லை. எப்படியோ காலி இடத்தைக் கண்டுபிடித்து ரேமைச் செருகி, மூடியை அமுக்கி, திருகுகளை முறுக்கிப் பட்டனை அழுத்தினேன்.

கீபோர்டில் விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. கல்யாணக் கோட்டுக் கறுப்பு, துக்கக் கொடிக் கறுப்பு என்றெல்லாம் இல்லை. அடுப்பில் மறந்துபோன தோசையின் கறுப்பு.

கொஞ்சம் பார்த்தேன். பயம் வந்துவிட்டது. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். கறுப்பு. அணைத்தேன். மூடியைத் திறந்து ரேமை எடுத்து அதன் தங்கக் கால்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினேன். கறுப்பு.

"பழையபடியே மாத்திக் குடுத்துருங்க மச்சான். மெதுவா ஓடுனாப் போதும்" என்றாள் ஜெனிட்டா.

புது ரேமைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதோடு மட்டும் போட்டேன். அப்போதும் கறுப்பு! அந்த அதிர்ச்சியை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த லேப்டாப். அதை நான் கொன்றிருக்கிறேன். காது அடைத்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் வாயசைப்பது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. (கேட்காததே நல்லது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.)

"போன்ல பேசக்கூடாதா தாயி?" என்றார் மாமியார்.

"லேப்டாப் கட்டாயம்னு போட்ருக்காங்கம்மா. புரோகிராம் எழுதிக் காட்டணும்." ஜெனிட்டா அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பக்கத்தில் ஆத்தூரில் இருக்கும் சக வாத்தியார் ஒருவரிடம் லேப்டாப் இருப்பது ஞாபகம் வந்தது. போன் போட்டேன். "வந்து எடுத்துக்கங்க சார்" என்றார். இருக்கட்டும் என்று ரெண்டு ரேமையும் மறுபடி செருகிக் கடைசியாக ஒருதடவை பட்டனை அழுத்தினேன். கறுப்பு. அணைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே போட்டுவிட்டு மாமனாரின் பைக்கில் ஏறிப் பறந்தேன். அந்தச் சாலையில் என்னென்ன பள்ளம் இருந்தது என்று முதுகெலும்புக்குத்தான் தெரியும்.

இரவல் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வாசல் கேட்டில் மாமனார் நின்றிருந்தார். ரெண்டு கையையும் விரித்து மறித்தார்.

"உள்ள வராதீங்க மாப்ள!"

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். "மாமா, லேப்டாப் கொண்டாந்துட்டேன்..."

"சத்தம் போடாதீங்க. அது ஓடுது. பிள்ள இன்டர்வியூல இருக்கு."

"ஓடுதா? எப்படி மாமா?"

"நீங்க போனீங்க. தொட்டா இன்னும் கெட்டுருமோன்னு யாரும் பக்கத்துலயே போகல. உங்க அத்தைதான் மேல ஜெபமாலையப் போட்டு அந்தோணியார வேண்டுனா. செத்த நேரத்துல தானா வெளிச்சம் வந்துருச்சு." கையை இறக்காமலே சொன்னார்: "நீங்க வந்து நின்னு, அது நின்னுபோச்சுன்னா என்ன பண்றது? இங்கனயே இருங்க."

நான் முருங்கை மரத்தடியில் நின்றேன். முருங்கை மரத்துக்கு எவ்வளவு நிழல் உண்டு என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒருதடவை ரோஸ்லின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினேன். இன்னும் தள்ளிப் போகச் சொல்லிச் சைகை காட்டினாள்.

வெயிலில் நின்றபடியே போனில் தேடிப் படித்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. சில லேப்டாப்பில் புது ரேமைப் போட்டாலோ மாற்றினாலோ, முதல் தடவை அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நான்தான் ஒவ்வொரு தடவையும் அது விழித்துக்கொள்வதற்குள் கழுத்தை நெரித்திருக்கிறேன். காத்திருந்திருந்தால் முதல் தடவையே வந்திருக்கும், காப்பி ஆறுவதற்குள்.

இன்டர்வியூ முடிந்து ஜெனிட்டா சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னை உள்ளே விட்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். கிட்டத்தட்ட ஒரு பீரியட் பாடம். கரும்பலகை மட்டும்தான் இல்லை.

மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் அந்தோணியார் புண்ணியம்" என்றார்.

மாமனார் தலையை ஆட்டினார். "அந்தோணியார் எப்பவும் இங்கனதான இருக்காரு? காலையிலருந்து அவரும்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. புதுசா நடந்தது என்ன? மாப்ள வெளிய போனாரு. அம்புட்டுதான்."

நான் இன்னொரு சொம்புத் தண்ணீர் கேட்டேன்.

ஜெனிட்டாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் என் உத்தியோகமும் அன்றே நிரந்தரமாகிவிட்டது. மிக்ஸி ஓடவில்லையென்றால், "மாப்ள, அப்படியே கடைத்தெருப் பக்கம் போயிட்டு வாங்களேன்" என்று பையைக் கையில் கொடுக்கிறார்கள். தோட்டத்து மோட்டார் இழுக்கவில்லையென்றால் மாமனார் எனக்குப் போன் செய்து, "இன்னைக்கு இந்தப் பக்கம் எதுவும் வந்தீங்களா?" என்று விசாரிக்கிறார். கொடுமை என்னவென்றால், பாதி நேரம் நான் கிளம்பியதும் அது ஓடியும் விடுகிறது.

போன மாதம் சென்னையிலிருந்து ஜெனிட்டா கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"மச்சான், ஆபீஸ் லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குது. செத்த நேரத்துல மீட்டிங். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

கடைசியில் என்னையும் மதித்து ஒருத்தி யோசனை கேட்கிறாளே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "திண்டுக்கல்லதான், வீட்ல. சொல்லும்மா."

"அது பத்தாது மச்சான். பழனிப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போங்க, போட்டுப் பாக்குறேன்."