தாய்மார் தூக்கத்துக்காக ஓடிய தகப்பன்

தர்மத்துக்காக ஓடும் தகப்பன்மார் என்று ஓர் இனம் ஊருக்கு ஊர் பெருகிவருகிறது. வீட்டில் பேச்சு வராத ஒன்றும் பேச்சை நிறுத்தாத ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் இருக்கும். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாத ஆசாமி, நாற்பது நெருங்கும் நேரத்தில், திடீரென்று பளபளவென்று ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்து, அதைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். அவ்வளவுதான், ஆள் கைவிட்டுப் போய்விட்டார்.

அவரைத் தேடி நீங்கள் போக வேண்டாம். அவரே வருவார். லிஃப்டில் மாட்டுவீர்கள், அலுவலகச் சாப்பாட்டு மேசையில் மாட்டுவீர்கள், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தால் அந்த வைத்தியரே இந்த இனமாக இருப்பார், பதில் பேசவும் வழியிருக்காது. "அரை மாரத்தான் ஓடப்போறேன். எனக்காக இல்ல, ஒரு நல்ல காரியத்துக்காக" என்பார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

விடியுமுன் அவருடைய அலாரம் அடிக்கும். அது அவரைத் தவிர வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்பும். பிறகு அவரும் எழுந்து, சத்தம் போடாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போவார். திரும்பி வரும்போது பிள்ளைகள் குளித்து, உடுத்தி, சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அது தானாக நடக்கும் காரியம் என்பது அவர் எண்ணம். ஓடாத நாளில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, இன்றைக்கு ஓய்வெடுக்கச் சொல்லிக் கோச் உத்தரவு என்பார். கோச் என்பது போனில் இருக்கும் ஒரு செயலி.

இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஆசாமிதான் இவ்வளவு நேரமும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

நான் ஓடியது சாதாரணக் காரியத்துக்காக அல்ல. சிறு பிள்ளைகளோடு தூக்கமில்லாமல் அல்லாடும் தாய்மார்கள், பிள்ளைகளைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் பகலில் கொஞ்சம் கண்ணயர ஓர் அமைப்பு இல்லம் கட்டுகிறது. அதற்கு நிதி திரட்டும் ஓட்டம். 'அம்மாக்கள் தூங்கட்டும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பனியன் கொடுத்தார்கள். நானும் ஊரையெல்லாம் நிறுத்திவைத்து, உறக்கமற்ற தாய்மார்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசி நன்கொடை வாங்கினேன். அந்தப் பனியனைத் துவைத்து மடித்து வைத்தவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் முழுக்க நைட் டியூட்டி.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல டியூட்டி முடிஞ்சு வந்ததும் படுத்துடுவேன். மத்தியானம் வரைக்கும் என்னை யாரும் எழுப்பக்கூடாது. ஓடுறதுன்னா இதுங்க ரெண்டையும் கூட்டிட்டு ஓடுங்க."

"உன் தூக்கத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். சொன்னதோடு விட்டேனா? பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடப்போவதாக அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு தப்படி எடுத்து வைப்பதற்குள் நான் தியாகியாகிவிட்டேன்.

முந்தின நாளே பையைக் கட்டினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்றாக உறிஞ்சிக் குடிக்கும் சத்துக்கூழ், தொடை உரசினால் தடவக் களிம்பு, மாற்றுச் சாக்ஸ், மாற்று ஷூ கயிறு, முழங்காலுக்கு ஒட்ட நாடா, அந்த நாடா பிய்ந்துபோனால் ஒட்ட இன்னொரு நாடா. திறந்து திறந்து சரிபார்த்தேன். பிள்ளைகளையும் மறக்கவில்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்தேன். டயப்பர் என்று ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே என் நினைவில் இல்லை. எங்கள் இனத்துக்கு மட்டுமே கைவந்த தவறு இது.

தொடக்கத்தில் எல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. வழியில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்துக் கை தட்டினார்கள். வாயெல்லாம் பல்லாக ஓடினேன். முதல் தண்ணீர் மேசையில் நாலு வயது மகள் ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தாள், அடுத்த மேசையிலும் குடித்தாள், அதற்கடுத்த மேசையிலும் குடித்தாள். விளைவை நான் விவரிக்க வேண்டியதில்லை. பிறகு தானும் ஓடுவேன் என்று அடம் பிடித்து இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினாள். நான் பிடித்து வருவதற்குள் வண்டியிலிருந்து வந்த வாசனை சின்னவன் தன் காரியத்தை முடித்துவிட்டதை அறிவித்தது. பையைத் துழாவினேன். களிம்பு வந்தது, நாடா வந்தது, இன்னொரு நாடா வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வழியில் ஒரு கடையும் திறக்கவில்லை.

போன் செய்தேன். அப்போதுதான் படுத்திருக்கிறாள்.

"தூங்கிட்டிருந்தியா? டயப்பர் எங்க இருக்கு?"

"அலமாரில."

"அதில்லம்மா, பையில எங்க இருக்கு?"

"பையை நீங்கதானே கட்டினீங்க" என்றாள்.

அத்தோடு நிறுத்தினேனா? சின்னவன் அழுகையை நிறுத்த என்ன பாட்டுப் பாடுவாள் என்று கேட்க மறுபடி அழைத்தேன். பூட்டிக்கொண்ட சக்கரத்தை எப்படி விடுவிப்பது என்று கேட்க மறுபடி. அந்தத் தடவை அவள் எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகள் விஷயத்தில் இவ்வளவு அலட்சியமா என்று, 'அம்மாக்கள் தூங்கட்டும்' பனியனுக்குள் நின்றுகொண்டு பொருமினேன்.

ஓட்டப் பாதை கடைசியில் எங்கள் தெருமுனையைத் தொட்டுப் போகிறது. சுழலாத சக்கரத்தோடு வண்டியை இழுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன், அவள் நின்றிருந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை, காலில் வீட்டுச் செருப்பு, தோளில் பை. சின்னவனைத் தூக்கி, நடைபாதைப் பெஞ்சில் கிடத்தி, கண்மூடித் திறப்பதற்குள் சுத்தம் செய்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டினாள், சக்கரம் சுழன்றது. பிறகு வண்டியை அவளே தள்ளிக்கொண்டு நடந்தாள். வெறுங்கையோடு நான் பின்னால் ஓடினேன். அப்படியும் அவள்தான் முன்னால் போனாள்.

முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தொண்டர் மறித்தார். நெஞ்சில் நம்பர் இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாமாம். அவள் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். நான் வண்டியோடு கோட்டைக் கடந்தேன். ஒலிபெருக்கியில் என்னை வீரத் தகப்பன் என்றார்கள். கூட்டம் ஆரவாரித்தது. கழுத்தில் மெடல் விழுந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள், விடுவேனா? தாய்மார்களின் உறக்கத்தைப் பற்றி நானே உருகும்படி பேசினேன்.

மகள் என் பனியனைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அம்மா தூங்குறாங்க."

பார்த்தேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில், சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, விளக்குக் கம்பத்தில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மெல்ல அவளிடம் போய், சத்தம் போடாமல் குனிந்து, தோளைத் தொட்டு எழுப்பினேன்.

என்ன செய்வது? மெடலோடு என்னைப் படம் எடுக்க வேறு ஆள் இல்லையே.

சிரித்துவிட்டீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நீங்கள் அந்த ரகம் இல்லை, உங்களிடம் ஓடுகிற ஷூகூடக் கிடையாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும், யாரும் காலைப் பிடித்து இழுக்காமல், அழாமல், தண்ணீர் கேட்காமல், இவ்வளவு நிம்மதியாகப் படித்து முடித்தீர்களே, அத்தனை நேரமும் உங்கள் பிள்ளைகள் யாரிடம் இருந்தார்கள்?