மொளகா பாயும் தராசுப் பெட்டியும்

திண்டுக்கல்லில் மொளகா பாயிடம் திட்டு வாங்காதவன் ஒன்று இன்னும் பிறக்காதவன், இல்லை வேடசந்தூரில் பிறந்தவன். தோல் மண்டிக்காரரான அவர் சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் தேர்தலில் ஜெயித்து மெட்ராஸ் சட்டசபைக்குப் போனார். எங்கள் தெருவின் குடிதண்ணீர்க் குழாய் பரிசீலனையில் இருப்பதாக மந்திரி சொன்னாராம். "உங்க வீட்டுக் குழாயும் பரிசீலனையிலதான் இருக்கா?" என்று பாய் போட்ட சத்தத்தில் சபாநாயகரின் மணி யாருக்கும் கேட்கவில்லை என்பார்கள்.

கல்யாணத்தில் வாழ்த்த எழுந்தாலும் பெண்ணின் தகப்பனைத்தான் பிடிப்பார். "குழாய் வராத தெருவுல பொண்ணக் குடுத்திருக்கியே, அறிவிருக்காய்யா ஒனக்கு?"

அடுத்த தேர்தலில் எதிரே நின்றவர் ஒரு மில் முதலாளி. சிரித்துக்கொண்டே கும்பிடுவார், வேறு வேலை தெரியாது. பாய் தோற்றால் குழாய் போச்சு. எங்கள் பெண்கள் ஒரு மைல் குடம் சுமக்க வேண்டியதுதான்.

அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சின்னம் ஒட்டித் திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பிடித்த பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். மில்காரர் ஆட்கள் பெட்டியை உடைக்கப் போவதாக எவனோ பாயின் காதில் ஊதிவிட்டான். அவ்வளவுதான். தராசுச் சின்னம் ஒட்டிய தன் பெட்டிக்காக வீடு வீடாகப் போய் எரிந்து விழுந்தார். "பெட்டி மேல கை பட்டுச்சுன்னு தெரிஞ்சுச்சு, ஆம்பள பொம்பள பாக்க மாட்டேன், கைய ஒடிச்சுப்புடுவேன்."

ஓட்டுப்பதிவு முடிந்து அதிகாரி திரையை விலக்கியபோது, பாயின் ஏஜண்டாக உட்கார்ந்திருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. தராசுப் பெட்டியின் தலைமேல் எங்கள் தெரு ஓட்டுகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல் வேறு! உள்ளே போடாதது ஓட்டே இல்லை என்றார் அதிகாரி, கொட்டாவி விட்டபடி. இன்னும் எத்தனையை மில்காரர் ஆட்கள் அள்ளித் தங்கள் பெட்டிக்குள் தள்ளினார்களோ! அவர்களுக்குக் கை ஒடியும் பயம் இல்லையே.

பக்கத்து வீட்டுப் பாத்துமாவிடம் கத்தினேன்.

"பாய்தானப்பா தொடக் கூடாதுன்னாக. ஒரு வெரலு படாம வச்சுட்டு வந்தேன்" என்றாள், பாராட்டுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

பாய் தோற்றார். நேரே அவரிடமே போய், உங்கள் வாய்தான் உங்களைத் தோற்கடித்தது என்று இரைந்தேன். பாய் என்மேல் பாய்ந்தார்.

"ஏலே அப்பு, சொன்ன சொல்லக் கேட்ட சனம்லே அது. அதுகள எவனாச்சும் ஒரு வார்த்த சொன்னான், நடக்குறதே வேற."

பதவி போனது, கோபம் போகவில்லை. சபைக்குள் கத்தியதை மெட்ராஸ் போய் வாசலில் நின்று கத்தினார், சாகும்வரை. அதற்குப் பிறகுதான் குழாய் வந்தது. திறந்து வைத்தவர், மாலையும் சிரிப்புமாக, மில்காரர். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

திருகினார், தண்ணீர் வரவில்லை. குழாய் இருமியது, சீறியது, நின்றவர்கள் மேலெல்லாம் துப்பியது, தெருவே அதிர இரைந்தது. மில்காரர் சிரிப்பை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். பாத்துமா மட்டும் குடத்தோடு முன்னால் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாய் வந்துட்டாக" என்றாள்.

தண்ணீர் வந்தது.